நாகர்கோவிலில் தங்கி, ஒரே நாளில் பத்மநாபபுரம் அரண்மனையையும் திருவனந்தபுரத்தையும் குடும்பத்தோடு பார்த்துவிட முடியுமா?

முடியும். காலை முழுவதையும் அரண்மனைக்குக் கொடுத்துவிட்டு, திருவனந்தபுரத்தில் பத்மநாப சுவாமி கோயில் இருக்கும் 'கிழக்கே கோட்டை' பகுதியைத் தாண்டுவதில்லை என்று முடிவெடுத்தால்! மிருகக்காட்சி சாலை, நேப்பியர் மியூசியம், கோவளம் என்று பட்டியல் நீண்டால் பாதிப் பொழுது காருக்குள்ளேயே போய்விடும். அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நாங்கள் போனது இந்தக் கணக்கில்தான்.

திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அரண்மனைக்கு விடுமுறை. மற்ற நாட்களில் 9 மணிக்குத் திறக்கும்போதே தக்கலை பக்கம் போய்ச் சேர்ந்துவிடுங்கள். சுற்றுலா பஸ்கள் வந்து இறங்கிவிட்டால், அந்தக் குறுகலான மரப்படிகளில் முன்னால் ஏறுகிறவரின் முதுகைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். படிகள் செங்குத்து, நிலைகள் தாழ்வு. மூட்டுவலி உள்ள பெரியவர்கள் வந்தால் மாடிகளை விட்டுவிட்டுக் கீழ்த்தளத்தில் நிதானமாகச் சுற்றலாம், அங்கேயே பார்க்க நிறைய இருக்கிறது.

செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதுவும் நல்லதுதான், அந்தக் கறுப்புத் தரையின் குளிர்ச்சி காலுக்குத் தெரியும். சுண்ணாம்பு, எரித்த தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த தரை என்று சொல்கிறார்கள். ஜன்னல் கம்பிகளின் நிழல் அதில் அப்படியே தெரிகிறது. அம்மா குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "நம்ம வீட்டு டைல்ஸ் பத்து வருஷத்துல வாயப் பொளந்துட்டு, இதப் பாரு" என்றாள். ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் கண்ணாடிக்குப் பதில் வண்ண மைக்கா பதித்த ஜன்னல்கள். வெயில் உள்ளே வருகிறது, சூடு வருவதில்லை. முகப்பு மண்டபத்தின் கூரையில் செதுக்கிய பூக்கள் ஒன்று போல இன்னொன்று இல்லை. பிள்ளைகளை அண்ணாந்து பார்க்கவிட்டால் பத்து நிமிடம் சத்தமே இருக்காது. ஊட்டுப்புரை என்ற சாப்பாட்டுக் கூடத்தில் ஊறுகாய் வைத்திருந்த சீன ஜாடிகளையும் விட்டுவிடாதீர்கள்.

அரண்மனை இருப்பது நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1956-இல் இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும் அரண்மனை அவர்களிடமே இருந்துவிட்டது. அங்கங்கே நிற்கும் ஊழியர்கள் தமிழிலேயே விளக்குவார்கள், கேளுங்கள்.

அரண்மனையை முதலில் பார்க்கச் சொல்வதற்கு நேரக் கணக்கு மட்டும் காரணமில்லை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா 1750-இல் திருவிதாங்கூரையே பத்மநாப சுவாமிக்கு எழுதிவைத்துவிட்டு, சுவாமியின் தாசனாக ஆண்டார். கல்குளமாக இருந்த ஊர் பத்மநாபபுரம் ஆனது. இங்கிருந்த தலைநகரம் 1795-இல் திருவனந்தபுரத்துக்குப் போனது. இங்கே பார்த்துவிட்டு அங்கே போய் நின்றால் பிள்ளைகளுக்குத் தனியாகச் சரித்திரம் சொல்ல வேண்டியதில்லை.

12 மணிக்குள் கிளம்பிவிடுங்கள். 55 கிலோமீட்டர்தான் என்றாலும் மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று வழி முழுக்கக் கடைத்தெரு. இரண்டு மணி நேரம் ஆகும். வாடகைக் கார் என்றால் கேரளா பெர்மிட் யார் செலவு என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள், எல்லையில் வைத்துப் பேச வேண்டாம்.

சாப்பிட்டுவிட்டு, பின்னால் வந்த மன்னர் சுவாதித் திருநாள் கட்டிய குதிரை மாளிகை. மதிய இடைவேளை முடிந்து திறந்ததும் நுழைந்தால் சரியாக இருக்கும். கூரைக்கடியில் வரிசையாக 122 மரக்குதிரைகள், பிள்ளைகள் எண்ணட்டும். பக்கத்திலேயே மேத்தன் மணி என்ற பழைய கடிகாரம். ஓடுகிற நாளாக இருந்தால் மணி அடிக்கும்போது இரண்டு ஆடுகள் வந்து ஒரு தாடிக்காரர் முகத்தில் முட்டும்.

மாலை நடை திறந்ததும் பத்மநாப சுவாமி கோயில். ஆண்கள் வேட்டி கட்ட வேண்டும், சட்டை கூடாது. பெண்கள் சேலை, அல்லது சுடிதாருக்கு மேல் வேட்டி. வாசலில் கிடைக்கும், ஆனாலும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். போனை வெளியே கொடுத்துவிட வேண்டும். சயனப் பெருமாளை மூன்று வாசல் வழியாகத்தான் பார்க்க முடியும்; வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், திருமுகத்திலேயே நின்றுவிட்டால் பாதம் கிடைக்காது.

நவராத்திரிக்கு முந்தைய நாட்களில் மட்டும் இந்தப் பயணத்தை வைக்காதீர்கள். பத்மநாபபுரம் சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் இதே சாலையில்தான் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போவார்கள். அதைப் பார்க்கவே வருகிறீர்கள் என்றால் சந்தோஷம், ஆனால் அது தனி நாள்.