வாசகர் கேள்வி – பதில்: சிறு டிரெய்லரில் சுகமான உறக்கம்

கேள்வி: 5 அடி அகலமும் 8 அடி நீளமும் கொண்ட பழைய டியர்டிராப் டிரெய்லர் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும், கண்ணீர்த்துளி வடிவச் சிறு முகாம் வண்டி) ஒன்றை வாங்கியிருக்கிறோம். பின்பக்க மூடியைத் தூக்கினால் சமையல் மேடை. உட்புறம் முழுவதும் படுக்கை. அதோடு வந்த 3 அங்குல மெத்தையில் படுத்தெழுந்தால் இடுப்பு வலிக்கிறது. காலையில் சுவரெல்லாம் ஈரம் கோத்திருக்கிறது. என் மனைவிக்குக் குளிர் தாங்கவில்லை. வீட்டில் உபரியாகக் கிடக்கும் 8 அங்குல குயீன் மெத்தையைப் போட்டு, சிறிய புரொப்பேன் ஹீட்டர் ஒன்றும் வாங்கி வைக்கலாம் என்று எண்ணுகிறோம். சரியாக வருமா?
– டென்வர் வாசகர், கொலராடோ

பதில்: இரண்டுமே வேண்டாம். மெத்தையிலிருந்து தொடங்குகிறேன். 1930களில் அமெரிக்காவில் இவ்வகை வண்டிகளை வீட்டுப் பட்டறைகளில் செய்யத் தொடங்கிய நாள் முதல், 4 அடிக்கு 8 அடி பிளைவுட் பலகைதான் இவற்றின் அளவுகோலாக இருந்துவருகிறது. பக்கச் சுவருக்கு ஒரு பலகை என்று வைத்து அறுத்ததால் உயரம் 4 அடியோடு நின்றுவிட்டது. தரையின் கனமும் கூரையின் கனமும் போக, உள்ளே ஏறத்தாழ 44 அங்குலம் மிஞ்சும். அதில் 8 அங்குல மெத்தையைப் போட்டால் 36 அங்குலம். வளர்ந்த ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தால் இருக்கையிலிருந்து உச்சந்தலை வரை ஏறக்குறைய 35 அங்குலம் வரும். கூரை முன்னும் பின்னும் வளைந்து இறங்குவதால், நடுவில் தவிர வேறெங்கு எழுந்து உட்கார்ந்தாலும் தலை இடிக்கும். அகலமும் ஒத்துவராது. குயீன் மெத்தை 60 அங்குலம். உங்கள் வண்டியின் வெளி அகலமே 60 அங்குலம்தான், சுவர்களின் கனம் போக உள்ளே 57 அல்லது 58 அங்குலம் இருக்கலாம். ஸ்பிரிங் மெத்தையை அதற்குள் திணிக்க முடியாது. ஃபோம் மெத்தையைத் திணித்தாலும் அது சுவரோடு ஒட்டிக்கொண்டு காற்றை அடைத்துவிடும்.

இடுப்பு வலிக்குக் காரணம் மெத்தை மெல்லியதாக இருப்பது மட்டுமன்று, அது நைந்துபோயிருப்பதும்தான். ஒருக்களித்துப் படுப்பவரின் எடை இடுப்பெலும்பிலும் தோளிலும் குவிகிறது; பழைய ஃபோம் அங்கே அமுங்கி, எலும்பு பலகையைத் தொட்டுவிடுகிறது. மெத்தையின் மீது முழங்காலிட்டுப் பாருங்கள்; அடியிலுள்ள பலகை முழங்காலுக்குத் தட்டுப்பட்டால் அந்த மெத்தை உங்களுக்குப் போதாது. மொத்தம் 5 அங்குலம் போதுமானது: அடியில் 3 அங்குலத்துக்கு அடர்த்தியும் உறுதியும் மிக்க ஃபோம், அதன் மேல் 2 அங்குலத்துக்கு மென்மையான லேடெக்ஸ். நம் ஊர் மெத்தைக் கடைகளில் "32 டென்சிட்டி" என்பார்களே, அது கன மீட்டருக்கு 32 கிலோ. அமெரிக்கக் கடைகளில் அதையே கன அடிக்கு 2 பவுண்டு என்பார்கள். அடிப்பகுதிக்கு அதற்குக் குறைந்த அடர்த்தியில் வாங்காதீர்கள். மெமரி ஃபோம் உடற்சூட்டில் இளகும், குளிரில் விறைத்துவிடும்; மலைப்பகுதி முகாமில் இரவு பத்து மணிக்கு அதன்மேல் படுப்பதற்கும் பலகைமேல் படுப்பதற்கும் அதிக வேறுபாடில்லை. ஃபோமை அளவுக்கு வெட்ட, இறைச்சி அரியப் பயன்படும் மின்கத்தி மிக நன்றாக உதவும். கத்தரிக்கோலால் வெட்டினால் ஓரம் பிசிறடிக்கும். சுவரிலிருந்து எல்லாப் பக்கமும் அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். நீளவாக்கில் இரண்டு துண்டாக்கினால் காலையில் ஒவ்வொன்றாகத் தூக்கி உலர்த்துவதும் எளிது.

உலர்த்துவதைப் பற்றிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீங்கள் சுவரில் கண்ட ஈரத்தைவிடக் கவலைக்குரியது நீங்கள் காணாத ஈரம். உறங்கும் ஒருவர் மூச்சிலும் வியர்வையிலும் ஓர் இரவில் ஒரு டம்ளர் அளவுக்காவது நீரை வெளியிடுகிறார். அதில் ஒரு பங்கு மெத்தையினூடே கீழிறங்கி, குளிர்ந்துகிடக்கும் பிளைவுட் தரையைத் தொட்டதும் நீராகிறது. இன்றே மெத்தையின் ஒரு மூலையைத் தூக்கி அடிப்புறத்தைப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சணம். அந்த மெத்தையைக் கழித்துவிட்டு, தரையைத் துடைத்து நன்றாக உலரவிட்ட பிறகே புதியதைப் போட வேண்டும். புதிய மெத்தைக்கு அடியில் முக்கால் அங்குல உயரமுள்ள மரச் சட்டங்களை இரண்டு, மூன்று அங்குல இடைவெளி விட்டுப் பரப்பி, சட்டங்களுக்கு நடுவிலுள்ள சந்துகள் இரு முனையிலும் திறந்திருக்குமாறு அமையுங்கள். மெத்தையின் கனத்தை ஒரு அங்குலம் கூட்டுவதைவிட இந்த முக்கால் அங்குலக் காற்றுவெளி அதிகப் பயன் தரும் என்பது என் கருத்து. அதற்கு உயரத்தில் கொடுக்கும் விலையும் குறைவு: சட்டமும் மெத்தையும் சேர்ந்து ஆறு அங்குலத்துக்குள் அடங்கிவிடும்.

சுவர் ஈரத்துக்குக் காற்றோட்டமே மருந்து. குளிருக்கு அஞ்சி எல்லாவற்றையும் இறுக மூடிக்கொள்வதால்தான் உள்ளே நீர் கோக்கிறது. கூரையில் 14 அங்குலச் சதுரத் திறப்பும் அதற்கான 12 வோல்ட் விசிறியும் இருந்தால், அதை மிகக் குறைந்த வேகத்தில் காற்றை வெளியே தள்ளுமாறு வைத்து, காற்று வீசாத பக்கத்துச் சன்னலை இரண்டு விரற்கடை திறந்துவையுங்கள். தலைமாட்டுச் சன்னலைவிடக் கால்மாட்டுக்கு அருகிலுள்ள திறப்பு நல்லது. குளிர்காற்று முகத்தில் படாது.

இனி ஹீட்டர். உங்கள் படுக்கையறையின் கொள்ளளவு நூற்றுச் சொச்சம் கன அடிதான். அந்த இடத்துக்குள் திறந்த சுடர் எரிந்தால் ஆக்சிஜன் குறையும்; எரிதல் முழுமையடையாதபோது நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு சேரும்; உறங்குபவருக்கு அது தெரியவே தெரியாது. ஈரத்தை விரட்டும் என்று நினைத்து வாங்கினால் அதிலும் ஏமாற்றமே மிஞ்சும், ஏனெனில் 1 பவுண்டு புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 பவுண்டு நீராவி உண்டாகிறது. எரிகாற்றை வெளியிலிருந்து இழுத்துப் புகையை வெளியிலேயே விடும் டீசல் ஹீட்டர்கள் வேறு வகை. முறையாகப் பொருத்தினால் அவற்றைப் பயன்படுத்தலாம். எது வைத்தாலும் வைக்காவிட்டாலும், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று உள்ளே இருந்தாக வேண்டும். பக்கத்து முகாமில் ஓடும் ஜெனரேட்டரின் புகையும் உங்கள் சன்னல் வழியாக வரக்கூடும்.

ராக்கி மலையில் 9,000 அடி உயரத்தில் ஜூலை இரவிலும் வெப்பநிலை ஒற்றை இலக்க செல்சியஸுக்கு இறங்குவது சாதாரணம். அதற்கு ஹீட்டரைவிட எளிய வழிகள் உண்டு. தரையின் அடிப்புறத்தில் 1 அங்குல எக்ஸ்பிஎஸ் (கெட்டியான பாலிஸ்டைரீன்) ஃபோம் பலகையை ஒட்டி, சாலைக் கல்லும் நீரும் படாதவாறு மூடுங்கள். வெப்பத்தடையில் அது ஆர்-5 மதிப்புடையது. மெத்தைமேல் ஒரு கம்பளி விரிப்பைப் போட்டு அதன்மேல் படுக்கைவிரிப்பைப் போடுங்கள். இருவருக்கும் ஒரே போர்வை என்பதை விட்டுவிட்டுத் தனித்தனிப் போர்வை வைத்துக்கொள்ளுங்கள். குளிர் தாங்காதவருக்குக் கனமானது. படுக்கும் முன் கால்மாட்டில் ஒரு வெந்நீர்ப் பை. உங்கள் மனைவியின் குளிரில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும் என்று நம்புகிறேன்.

கேள்வி: 12 வோல்ட் மின்போர்வையும் கூரை விசிறியும் இரவு முழுவதும் இயங்க எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும்? லித்தியம் வாங்கலாமா?
– ஒன்டாரியோ வாசகி, கனடா

பதில்: கணக்கு எளிதுதான், அம்மா. 4 ஆம்பியர் இழுக்கும் போர்வை 8 மணி நேரத்தில் 32 ஆம்பியர்-மணி செலவழிக்கும். 1 ஆம்பியர் இழுக்கும் விசிறி 8. ஆக 40. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் விரைவில் குறையும்; ஆகவே 100 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து 50 மட்டுமே உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இரவைத் தாங்கும், மறுநாள் சார்ஜ் செய்தாக வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி எடை குறைவு, பெரும்பகுதியைப் பயன்படுத்தவும் முடியும். ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. உங்கள் பகுதியின் அக்டோபர் காலைகளை நினைத்துப் பார்த்து, உட்புறத்திலேயே வைக்க இடம் இருந்தால் அல்லது தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ளும் வகை கிடைத்தால் வாங்குங்கள். போர்வையை இரவு முழுவதும் போடுவது வீண். படுப்பதற்கு அரை மணி முன் போட்டுப் படுக்கை சூடானதும் அணைத்தால் செலவு 2 ஆம்பியர்-மணிதான்.

கேள்வி: ஒருவர் புரண்டு படுத்தால் வண்டியே ஆடி மற்றவர் விழித்துக்கொள்கிறார். நான்கு மூலைகளிலும் ஜாக்கி வைத்தும் பயனில்லை.
– சான் ஹோசே வாசகர், கலிஃபோர்னியா

பதில்: ஜாக்கியை எப்போது இறக்குகிறீர்கள் என்பதில்தான் கோளாறு இருக்க வேண்டும். முதலில், காரோடு இணைந்திருக்கும்போதே, தாழ்ந்த பக்கச் சக்கரத்தைப் பலகை ஒன்றின் மேல் ஏற்றி இடவலம் சமன் செய்யுங்கள். பிறகு இரு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். அதற்குப் பின்பே காரிலிருந்து கழற்றி, முன்புற ஜாக்கியால் முன்பின் சமன் செய்ய வேண்டும். தலைமாடு ஒரு விரல் அளவு உயர்ந்திருந்தால் நல்லது, தாழ்ந்திருந்தால் காலையில் தலை கனக்கும். கடைசியாகத்தான் மூலை ஜாக்கிகள். அவை வண்டியைத் தூக்குவதற்கானவை அல்ல. தரையைத் தொட்டு, பிடிப்புக் கிடைக்கும் வரை இறுக்கினால் போதும். மண் இளகியிருந்தால் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பலகைத் துண்டு வையுங்கள், இல்லையெனில் நள்ளிரவுக்குள் ஜாக்கி புதைந்து பழையபடி ஆடத் தொடங்கும்.

கேள்வி: கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் தங்கப்போகிறோம். சமையல் பகுதியிலுள்ள உணவு வாசனைக்குக் கரடி வருமோ என்ற பயத்தில் உறக்கம் வராது போலிருக்கிறது. என்ன செய்வது?
– அதே வாசகர்

பதில்: பயம் நியாயமானதே. உங்களுக்கும் சமையல் மேடைக்கும் நடுவில் இருப்பது ஒரு பிளைவுட் தடுப்பு. முகாமிடத்தில் இரும்புப் பெட்டி வைத்திருப்பார்கள். அரிசி, மசாலா, எண்ணெய் மட்டுமன்றிப் பற்பசையையும் சோப்பையும்கூட இருட்டுவதற்கு முன் அதில் வைத்துத் தாழிட்டுவிடுங்கள். சாம்பார் கொதித்த பாத்திரத்தைக் கழுவாமல் மூடிக்குள் வைத்துவிட்டுப் படுக்க வேண்டாம்.