தெள்ளுப்பூச்சிச் சீமாட்டி: மிரியம் ராத்ஸ்சைல்ட் பற்றிக் கேள்வி பதில்

பூச்சியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த அம்மாளைப் பற்றி எங்கே பேசினாலும் கேள்விகள் குவிகின்றன. வந்த வரிசையில் பதில் சொல்கிறேன்.

கே: யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள் சார்.

1908-இல் இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷயரில், ஆஷ்டன் வோல்ட் என்ற குடும்பப் பண்ணையில் பிறந்தார். வங்கிக்குப் பேர்போன ராத்ஸ்சைல்ட் குடும்பம். பள்ளிக்கூடம் போனதில்லை, அப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் 1985-இல் பிரிட்டனின் பேர்பெற்ற விஞ்ஞானிகள் சங்கமான ராயல் சொசைட்டியில் உறுப்பினர் ஆனார். 2005-இல் காலமானார்.

கே: அவ்வளவு பணக்காரப் பெண்ணுக்குத் தெள்ளுப்பூச்சி மேல் என்ன ஆசை?

அப்பா சார்லஸ் விட்டுச் சென்ற சொத்து அது. வயிற்றுப்பாட்டுக்கு வங்கி, மனசுக்குத் தெள்ளுப்பூச்சி என்று வாழ்ந்த மனிதர். எலியிலிருந்து மனிதனுக்குப் பிளேக் கொண்டுவரும் தெள்ளுப்பூச்சியைச் சூடானில் பிடித்து, 1903-இல் எகிப்திய மன்னன் கியாப்ஸின் பெயரைச் சூட்டினார். அவருடைய சேகரிப்புக்கு மகள் எழுதிய பட்டியல் ஆறு தொகுதிகள். அதற்கே முப்பது வருடம் ஆயிற்று.

எனக்குப் பிடித்தது முயல் தெள்ளுப்பூச்சிக் கதை. 1953-இல் பிரிட்டனுக்குள் மிக்சோமடோசிஸ் என்ற முயல் கொள்ளைநோய் நுழைந்தது. அதைப் பரப்புவது தெள்ளுப்பூச்சி. சரி, அது எப்படிப் பெருகுகிறது? இதைத் துருவிப் பார்த்தார் மிரியம். தாய் முயல் சினையாகும்போது அதன் ரத்தத்தில் ஏறும் ஹார்மோனைக் குடித்தால்தான் பெண் தெள்ளுப்பூச்சிக்குக் கருமுட்டை முதிர்கிறது. குட்டி பிறந்ததும் தாயை விட்டுக் குட்டிகள் மேல் தாவி, இணை சேர்ந்து, கூட்டிலேயே முட்டையிடுகிறது. முயலின் பிரசவ தேதி ஒட்டுண்ணிக்குத் தெரிந்திருக்கிறது! இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

கே: ராத்ஸ்சைல்ட் குடும்பம்தானே உலக வங்கிகளை எல்லாம் ஆட்டி வைக்கிறது?

வதந்தி. மூதாதையர் மேயர் ஆம்ஷெல் 1812-இல் எழுதிய உயிலிலேயே பெண் மக்களுக்கு வங்கித் தொழிலில் இடமில்லை. ஆக மிரியம் வங்கியை ஆட்டவில்லை, நுண்ணோக்கியைத்தான் திருகினார்.

கே: நான் விவசாயி. இவர் பண்ணையில் என்னதான் செய்தார்?

இதற்குத்தான் காத்திருந்தேன். ஆஷ்டனில் காட்டுப்பூ விதையையே பயிராக வளர்த்தார். பாப்பி, கார்ன்ஃபிளவர், கார்ன்காக்கிள் எல்லாம் கோதுமை வயலில் தானாக வந்துகொண்டிருந்தவை. களைக்கொல்லியும் விதை சுத்திகரிப்பும் வந்ததும் வெகுவாக அருகிப்போயின. அவற்றின் விதைகளைக் கலந்து 'விவசாயியின் கொடுங்கனவு' என்று குறும்பாகப் பெயரிட்டு விற்றார். அன்றைய இளவரசர் சார்லஸின் ஹைகுரோவ் தோட்டத்துப் பூவெளிக்கும் இவர்தான் ஆலோசகர்.

இங்கே எல்லோரும் இடறும் இடம் ஒன்று. வயல் பூக்கள் ஓராண்டுச் செடிகள், மண்ணைக் கிளறினால்தான் முளைக்கும். அவற்றுக்கு உழவு வேண்டும். புல்வெளிப் பூக்கள் பெரும்பாலும் பல்லாண்டுச் செடிகள், உழவே கூடாது. விதை உதிர்ந்தபின் அறுத்து, அறுத்ததை அள்ளி வெளியேற்ற வேண்டும். அங்கேயே மக்கவிட்டால் மண் கொழுக்கும், புல் மேலேறிப் பூவை நெரித்துவிடும். நமக்கு வளமான மண் வரம், அந்தப் பூக்களுக்கு அதுவே எமன்.

கே: அந்த விதைக் கலவை எங்கே கிடைக்கும் சார்?

வாங்காதீர்கள். வேற்று நாட்டுப் பூவிதையைக் கொண்டுவந்து தூவுவது இயற்கைப் பாதுகாப்பு ஆகாது. உங்கள் மண்ணில் முளைப்பதை முதலில் பாருங்கள்.

கே: முன்பு கேட்ட விவசாயிதான். பணம் இருப்பவர் வயலில் களையை வளர்க்கலாம், எங்களுக்குக் கட்டுபடியாகுமா?

பாதி நியாயம். அறுவடையை நம்பி அவர் அடுப்பு எரியவில்லை. ஆனால் பணம் இருந்த மற்ற சீமான்கள் நரி வேட்டைக்குப் போனார்களே, அதையும் கணக்கில் சேருங்கள்.

கே: நானும் இதில் நுழைகிறேன். கார்ன்காக்கிள் விதை விஷம்தானே? பழைய ஆட்கள் ஒழித்தது சரிதானே?

விஷம்தான். தானியத்தோடு அரைபட்டு மாவைக் கெடுத்திருக்கிறது. உணவுக்கு விதைக்கும் வயலில் வேண்டாம். வேறொரு துண்டு நிலத்தில் இருந்துவிட்டுப் போகட்டுமே.

கே: விவசாயி மறுபடியும். அந்தத் துண்டு நிலத்துக்கு வாடகை யார் தருவார்?

அது சரியான கேள்வி அய்யா. அப்பா சார்லஸ் தன் பணத்தில் பதில் சொன்னார். 1910-இல் வுட்வால்டன் சதுப்பு நிலத்தை வாங்கினார், 1912-இல் இயற்கைக் காப்பிடங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார், காக்க வேண்டிய 284 இடங்களின் பட்டியல் போட்டார். தனவான் இல்லாத ஊரில் அரசுதான் தர வேண்டும். சிறு விவசாயி தலையில் கட்டுவது அநியாயம், உங்கள் கட்சிதான் நான்.

கே: தான தர்மம் ஏதாவது?

நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த 49 யூதக் குழந்தைகளுக்கு இருப்பிடம் ஏற்பாடு செய்தார், சிலர் அவர் வீட்டிலேயே தங்கினார்கள். மனச்சிதைவு ஆராய்ச்சிக்கு 1962-இல் நிதியம் தொடங்கினார், தங்கை லிபர்ட்டிக்கு அந்த நோய்.

கே: ராத்ஸ்சைல்ட் என்றால் வங்கி மர்மம்...

மேலே பாருங்கள்.

கே: விதை ஆன்லைனில் கிடைக்குமா?

மேலே பாருங்கள். இரண்டு முறை பாருங்கள்.

கே: ஆள் எப்படி இருப்பார்?

தோல் செருப்பு போடமாட்டார், விருந்துக்கும் வெள்ளை ரப்பர் பூட்ஸ்தான். சைவம். வீட்டுச் சுவரில் கொடியை இஷ்டத்துக்கு ஏறவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் புதருக்கு ஜன்னல் வைத்தது போல இருக்கும்.