பற்றுப் போட்டதால் நெற்றி வீங்கியதா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. சளி பிடித்து இரண்டு வாரம் ஆகிறது. இடையில் விட்டிருந்த காய்ச்சல் மூன்று நாளாகத் திரும்பவும் அடிக்கிறது. தலைவலி என்று முனகிக்கொண்டே இருக்கிறான். சுக்குப் பற்றுப் போட்டேன். நேற்றிலிருந்து நெற்றி வீங்கியிருக்கிறது. பற்று ஒத்துக்கொள்ளவில்லையா? சைனஸ் மூளைக்கு ஏறும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பற்றைக் கழுவிவிட்டு, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு இப்போதே கிளம்புங்கள். மீதியை அங்கே காத்திருக்கும்போது படித்துக்கொள்ளலாம்.

பற்று ஒத்துக்கொள்ளாவிட்டால் தோல் சிவந்து எரியும், அரிக்கும். விரலால் அழுத்தினால் பிசைந்த மாவைப் போலப் பள்ளம் விழுந்து, தொட்டாலே வலிக்கிறது என்றால், நெற்றி எலும்பிலேயே தொற்று ஏறிச் சீழ் கட்டியிருக்கலாம். ரிப்போர்ட்டில் இதை ‘பாட்ஸ் பஃபி டியூமர்’ என்று எழுதுவார்கள். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், இது புற்றுநோய் இல்லை. ஆனால் அவசரம்தான்.

ஆம், மூளைக்குப் போகும். அபூர்வமாகத்தான், சளி பிடித்த பிள்ளைக்கெல்லாம் ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. பதின்ம வயது ஆண்பிள்ளைகளிடம்தான் இதை அதிகம் பார்க்கிறோம். நெற்றி சைனஸ், அதாவது நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறை, பிறக்கும்போது இருப்பதில்லை. ஏழெட்டு வயதுவாக்கில் உருவாகி, பதின்ம வயதில் மளமளவென்று வளர்கிறது. வளரும் எலும்பில் ரத்த ஓட்டம் அதிகம். அங்குள்ள சிறு சிரைகளில் வால்வு கிடையாது, ரத்தம் எந்தப் பக்கமும் போகும். அதனால் எலும்பை அரிக்காமலேகூடக் கிருமி மூளை உறையை எட்டிவிடும்.

எலும்புக்கும் உறைக்கும் நடுவே சீழ் தேங்கினால், வெறும் தலைவலியும் காய்ச்சலுமாகவே நாட்கள் ஓடலாம். மூக்கு ஒழுகுவதுகூட நின்றிருக்கும், நாமும் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். உறைக்கு அடியில் சீழ் இறங்கினால் கதை வேறு. அங்கே தடுக்க ஒன்றுமில்லை, மணிக்கணக்கில் பரவும். வாந்தி, வலிப்பு, ஒரு பக்கக் கைகால் பலவீனம், பேச்சுக் குழறல் என்று வரிசையாக வரும். கண் இமை வீங்குவது, இரண்டிரண்டாகத் தெரிவது, கழுத்து விறைப்பது, பிள்ளை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிவது, எதையும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

மருத்துவரிடம் ‘சளி’ என்று மட்டும் சொல்லாதீர்கள். காய்ச்சல் விட்டுத் திரும்பியது, நெற்றி வீக்கம் இரண்டையும் முதலில் சொல்லுங்கள். பாதியில் நிறுத்திய ஆன்டிபயாடிக் இருந்தால் அட்டையையே கொண்டுபோங்கள். கான்ட்ராஸ்ட் (ஸ்கேனில் தெளிவாகத் தெரிவதற்காக ஊசியில் ஏற்றும் மருந்து) கொடுக்காத சி.டி.யில் ஆரம்பநிலைச் சீழ் கண்ணுக்குத் தப்பலாம். கான்ட்ராஸ்ட் கொடுத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் தெளிவாகத் தெரியும். சீழ் இருந்தால் பெரும்பாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் மூளை அறுவை நிபுணரும் சேர்ந்து அதை வெளியேற்றுவார்கள். ஆன்டிபயாடிக் பல வாரம் தொடரும், ஆரம்பத்தில் நரம்பு வழியாகத்தான். சீக்கிரம் போய்ச் சேர்ந்த பிள்ளைகள் பெரும்பாலும் நன்றாகத் தேறிவிடுகிறார்கள்.

வழியில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீரோ கையில் இரும்போ கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள்.