இரண்டு சீட்டு, இரண்டு பெட்டி: முதல் நாடாளுமன்றம் பற்றி மதுரை வாசகர்கள் கேட்டவை

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. இன்றைய தொகுதி வரைபடத்தை எடுத்து 1952 மேல் விரித்துப் பார்க்கிறோம். அது பொருந்தாது.

எங்கள் அப்பத்தா, "டெல்லிக்கு நான் ரெண்டு ஓட்டுப் போட்டேன்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது. கள்ள ஓட்டா சார்? (செல்லூர்)

அப்பத்தாவைச் சந்தேகப்படாதீர்கள். முதல் மக்களவைத் தேர்தலில் 489 இடங்கள், ஆனால் தொகுதிகள் 401தான். 314 தொகுதிகளில் ஆளுக்கொரு உறுப்பினர், 86 தொகுதிகளில் இரண்டு பேர், வட வங்காளத்தில் மட்டும் ஒரே தொகுதியில் மூன்று பேர். கூட்டிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். மதுரை அந்த 86இல் ஒன்று. இரண்டு இடங்களில் ஒன்று தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கியது. ஆனால் வாக்காளர்களைத் தனித்தனியாகப் பிரிக்கவில்லை. எல்லாருக்கும் இரண்டு ஓட்டு, எல்லாரும் இரண்டு இடத்துக்கும் போடலாம்.

அப்போது முத்திரை குத்துகிற வேலை கிடையாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியின் மேல் அவருடைய சின்னம். ஒரு ரூபாய் நோட்டு அளவுக்கு ஒரு சீட்டைக் கையில் கொடுப்பார்கள். மறைப்புக்குப் பின்னால் போய், இரட்டைக் காளையோ கதிர் அரிவாளோ பார்த்து உள்ளே போட வேண்டியதுதான். கிட்டத்தட்ட கோயில் உண்டியல் மாதிரி. நாட்டின் சில இடங்களில் பெட்டியைத் திறந்தபோது காசும் வேண்டுதல் சீட்டும் கிடந்தன என்றால் ஆச்சரியமில்லை. அப்பத்தா இரண்டு சீட்டையும் ஒரே ஆளுக்குப் போட்டிருந்தால் மட்டும் ஒன்றுதான் எண்ணிக்கையில் சேர்ந்திருக்கும். சட்டம் அப்படி.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருந்தது. ஒதுக்கிய இடத்தை முதலில் நிரப்புவார்கள். மிச்ச இடம் அதிக ஓட்டு வாங்கிய எவருக்கும் போகலாம், ஒதுக்கீட்டில் நின்ற இன்னொருவருக்கும்கூட. 1957இல் ஆந்திராவின் பார்வதிபுரத்தில் அப்படித்தான் நடந்து, பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி தோற்றார். உச்ச நீதிமன்றம்வரை போயும் பலனில்லை. 1961இல் சட்டம் போட்டு இரட்டைத் தொகுதிகளையே எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், தலித் வேட்பாளருக்கு ஊரே சேர்ந்து ஓட்டுப் போட்டது என்பதால் முறை மோசமில்லை. ஆனால் தொகுதிகள் பூதாகரமானவை. ஒரு வேட்பாளர் சுற்றிவருவதற்குள் தேர்தலே முடிந்துவிடும்.

அப்படியானால் நம் பக்கத்திலிருந்து போனவர்கள் யார் யார்? (உசிலம்பட்டி)

மதுரையின் இரண்டு பேரில் ஒருவர் மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டியைச் சேர்ந்த கக்கன். 1957இல் அமைச்சரான அதே கக்கன். அமைச்சர் வாழ்க்கையையே எல்லாரும் பேசுகிறோம். அதற்கு முன்பே அவர் நாட்டின் அரசியல் சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையிலும் உட்கார்ந்தவர் என்பது ஊருக்குள்ளேயே பலருக்குத் தெரியாது. திண்டுக்கல்லில் ஜெயித்தவர் அம்மு சுவாமிநாதன், நேதாஜி படையில் இருந்த கேப்டன் லட்சுமியின் அம்மா. பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம். அவரும் நிர்ணய சபையில் இருந்தவர். அங்கே இருந்த பெண்கள் மொத்தமே 15 பேர்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் காமராஜர். 1954இல் முதலமைச்சராகும்வரை அவர் டெல்லி உறுப்பினர்தான். அருப்புக்கோட்டையில் முத்துராமலிங்கத் தேவர் ஜெயித்தார், முதுகுளத்தூர் சட்டமன்றத்துக்கும் ஜெயித்தார். இரண்டிலும் ஒருவர் நீடிக்க முடியாது. அவர் டெல்லியை விட்டுக்கொடுத்தார்.

நிர்ணய சபைக்கு மக்கள் ஓட்டுப் போட்டார்களா? (திருமங்கலம்)

நேராகப் போடவில்லை. 1946இல் மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். பத்து லட்சம் மக்களுக்கு ஒருவர் என்று கணக்கு. சென்னை மாகாணத்துக்கு 49 பேர். அந்தச் சட்டமன்றத்துக்கே சொத்து, படிப்பு இருந்தவர்கள்தான் ஓட்டுப் போட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு அதே ஆட்களுக்கு இரண்டு வேலை. அரசியல் சட்டம் எழுதும்போது ராஜேந்திர பிரசாத் தலைமை, சாதாரணச் சட்டம் போடும் மன்றமாகக் கூடும்போது மவலாங்கர் சபாநாயகர். 1950 ஜனவரி 26க்குப் பிறகு அதுவே தற்காலிக நாடாளுமன்றம். 'தற்காலிகம்' என்று லேசாக நினைக்க வேண்டாம். சாதி, மதவாரியாக இடங்களைப் பங்கிட்ட சென்னையின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று நீதிமன்றம் சொன்னதும், 1951இல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து இடஒதுக்கீட்டுக்கு வழி செய்தது அதுதான்.

முதல் மக்களவையில் சென்னைக்கு 75 இடமாமே? இப்போது 39தானே! (மேலமாசி வீதி)

யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. ஆந்திரா, மலபார், தென் கன்னடம் எல்லாம் நம்மோடு சேர்ந்திருந்த காலம் அது. 1953 அக்டோபரில் ஆந்திரா பிரிந்தது, மற்றவை 1956இல் போயின.

சம்பளம் எவ்வளவு? (பெயர் வேண்டாம் என்கிறார்)

1954 சட்டப்படி மாதம் 400 ரூபாய், சபை நடக்கும் நாளுக்கு 21 ரூபாய் படி.

மதுரையில் பிறந்து, ஓட்டே கேட்காமல் நாடாளுமன்றம் போனவர் ஒருவர் உண்டு என்று வாத்தியார் சொன்னார். யார்? (அலங்காநல்லூர்)

ருக்மிணி தேவி அருண்டேல். 1904இல் மதுரையில் பிறந்தவர், கலாக்ஷேத்திரத்தை நிறுவியவர். 1952இல் அமைந்த முதல் மாநிலங்களவையில் 216 பேர். அதில் 12 பேர் குடியரசுத் தலைவர் நியமித்தவர்கள், இவர் அந்தப் பன்னிரண்டில் ஒருவர். நாட்டியத்தைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்த சபையில் மிருகவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி கொடுத்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டார். அப்புறம் வந்ததுதான் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம்.

கேள்வி உங்கள் ஊரிலிருந்து வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தபோது கையில் எடுத்தது அந்தச் சட்டத்தைத்தான். 2017இல் தமிழ்நாடு திருத்தம் போட்டதும் அதற்குத்தான். வாடிவாசல் மூடியதற்கும் திறந்ததற்கும் நடுவில் நின்ற சட்டத்தின் மூல விதை, மதுரையில் பிறந்த ஒரு பெண் போட்டது.