மோல்டிங் யூனிட் வைத்திருப்பவர் பிளாஸ்டிக் பங்கு வாங்கலாமா?

கேள்வி: கோவையில் பாட்டில் மூடி செய்யும் மோல்டிங் யூனிட் நடத்துகிறேன், மெஷின் இரண்டு. கையில் 6 லட்சம் இருக்கிறது. பேக்கேஜிங் செய்யும் பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகளான அம்காரும் பெர்ரியும் ஒன்றாகிவிட்டன, பேட்டன்ட் சண்டைகளும் சமரசத்தில் முடிகின்றன, இனி போட்டியே இருக்காது, பிளாஸ்டிக் பங்கில் போடு என்கிறார் மச்சான். போடலாமா?

பதில்: மொத்தத்தையும் போடாதீர்கள். கம்பெனிகள் சேர்ந்தால் போட்டி குறையும், அதில் மச்சான் சொல்வது சரிதான். அந்த லாபம் யார் பைக்குப் போகிறது என்பதைத்தான் அவர் பார்க்கவில்லை.

நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. 2002ல், பிளாஸ்டிக் மூலப்பொருள் செய்த அரசு கம்பெனியான ஐபிசிஎல்லின் 26 சதவீதப் பங்கை, ஒரு பங்கு 231 ரூபாய் என்று, 1,491 கோடிக்கு அரசு ரிலையன்ஸுக்கு விற்றது. 2007ல் ஐபிசிஎல் முழுதாக ரிலையன்ஸுக்குள் போய்விட்டது, 5 பங்கு வைத்திருந்தவருக்கு 1 ரிலையன்ஸ் பங்கு. கிரானுல்ஸ் (மோல்டிங்குக்கான பிளாஸ்டிக் மணிகள்) வாங்குகிறவர் பக்கம் இருந்து பாருங்கள்: இரண்டு பெரிய கம்பெனியிடம் விலை கேட்டு, ஒருவரைக் காட்டி இன்னொருவரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தவருக்கு அந்தக் கதவு ஒன்று மூடிவிட்டது. கெயில், ஹால்தியா போன்ற வேறு தயாரிப்பாளர்கள் இருந்ததால் மூச்சு விட முடிந்தது.

பேட்டன்ட் விஷயம் இன்னும் நுணுக்கம். 1997ல் எக்ஸானும் யூனியன் கார்பைடும் (போபால் என்றதும் நினைவுக்கு வரும் அதே கம்பெனிதான்) பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கைத் தயாரிக்கும் தொழில்நுட்பத்தை ஒன்றாகப் போட்டு யூனிவேஷன் என்ற கூட்டுக் கம்பெனி தொடங்கின. எக்ஸானிடம் மெட்டலோசீன் என்ற வகை வினையூக்கி, யூனியன் கார்பைடிடம் யூனிபோல் என்ற தயாரிப்பு முறை. இப்படி இரண்டு பேர் கைகோத்தால் அவர்களுக்குச் சண்டைச் செலவு மிச்சம், ஆனால் புதிதாகப் பிளான்ட் போட வருகிற மூன்றாமவர் அவர்களிடம்தான் லைசென்ஸ் கேட்டு நிற்க வேண்டியிருக்கும். அப்புறம் யூனியன் கார்பைடை டவ் என்ற அமெரிக்க கெமிக்கல் கம்பெனி வாங்க வந்தபோது, டவ் தன்னிடம் இருந்த அதே வகைத் தொழில்நுட்பத்தை பிபி கம்பெனிக்குக் கொடுத்தால்தான் வாங்கலாம் என்று 2001ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் நிபந்தனை போட்டது. அதனால் 'சமரசம்', 'இணைப்பு' என்ற தலைப்பை மட்டும் படித்து வாங்காதீர்கள், லைசென்ஸ் யாருக்கு, எதை விற்கச் சொன்னார்கள், கடன் எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். வழக்கு சமரசமே ஆகாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு கனடாவின் நோவா என்ற கெமிக்கல் கம்பெனி இருக்கிறது: பாலிஎத்திலீன் பேட்டன்டை மீறியதற்காக டவ்வுக்கு 64.5 கோடி கனடா டாலர் கட்ட 2017ல் தீர்ப்பு, 2022ல் அங்கே உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை.

எனக்கு உண்மையான கவலை வேறு. உங்கள் வீட்டு வருமானமே பிளாஸ்டிக்கில்தான் இருக்கிறது. கிரானுல்ஸ் மூட்டை விலை ஏறி, மூடி வாங்குகிறவர் விலை ஏற்றித் தர மறுக்கிற மாதத்தில், பேக்கேஜிங் கம்பெனிப் பங்கும் அதே காரணத்தால் அடிவாங்கலாம். யூனிட்டும் சேமிப்பும் ஒரே நாளில் படுத்தால் எங்கே போவீர்கள்?

மூன்று மாத கிரானுல்ஸ் வாங்கும் பணத்தை வங்கி எஃப்டியில் தனியாக வையுங்கள். அதில்தான் நிஜமான பேர பலம் இருக்கிறது, ரொக்கம் கொடுப்பவரிடம் டீலர் பேசுகிற விதமே வேறு. மீதியை நிஃப்டி இன்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் எஸ்ஐபியாகப் போடுங்கள். மச்சான் மனசு கோணக்கூடாது என்றால் 30 ஆயிரத்துக்குப் பிளாஸ்டிக் பங்கு வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.