கண்ணாடிக்கு ஊட்டும் கிளி

மாரி தொடங்கியதும் கிளி வளர்ப்பவர்களின் கடிதங்களும் வரத் தொடங்கிவிட்டன. நாம் வளர்க்கும் சின்னக் கிளிகளான பட்ஜியும் கொக்கட்டீலும் அவுஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பறவைகள். அங்கே மழை பெய்து புல் விளைந்தால் குஞ்சு பொரிக்கும் காலம். திருகோணமலையில் ஒரு கூட்டுக்குள் பிறந்தாலும் அந்தப் பழக்கம் போவதில்லை. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கிளி கக்குவதைப் பற்றித்தான்.

கே: கூட்டில் தொங்கும் கண்ணாடியைப் பார்த்து என் ஆண் கொக்கட்டீல் தலையை மேலும் கீழும் ஆட்டிக் கக்குகிறது. வாந்தியா? (உவர்மலை)

இல்லை. கண்ணாடிக்குள் இருப்பதைத் துணை என்று நினைத்து ஊட்டுகிறது. கண்ணாடியை இன்றைக்கே கழற்றுங்கள். கூட்டில் தொங்கும் மணிக்கும் ஊட்டத் தொடங்கினால் அதையும் எடுத்துவிடுங்கள்.

கே: ஆண் பட்ஜி பெண்ணின் வாய்க்குள் கக்குகிறது. பிரித்து வைக்கவா? (கிண்ணியா)

வேண்டாம். சோடி சேர்ந்தால் ஆண் ஊட்டத்தான் செய்யும்.

கே: இரண்டு நாளாகக் கிளி தலையை உதறி உதறிக் கக்குகிறது, சுவரெல்லாம் தெறிக்கிறது. இஞ்சிக் கசாயம் மூன்று வேளை பருக்கியும் நிற்கவில்லை. கூடு விறாந்தையில், வலை திருத்தும் இடத்தில் தொங்குகிறது. (நிலாவெளி)

என்ன கிளி, எத்தனை வயது, எச்சம் எப்படி என்று ஒன்றும் எழுதவில்லை. கசாயக் கணக்கு மட்டும் இருக்கிறது. இது ஊட்டல் இல்லை, வாந்தி. ஊட்டும் கிளி கழுத்தை நீட்டி, தீன்பையில் (தின்றது முதலில் தங்கும், கழுத்தடியில் உள்ள பை) இருப்பதை ஓர் இடத்தில் ஒழுங்காக வைக்கும், அப்புறம் உற்சாகமாகத் திரியும். வாந்தி எடுக்கும் கிளி தலையை உதறும். தலைச் சிறகு பிசுபிசுக்கும், உடம்பை உப்பிக்கொண்டு ஒரு மூலையில் உட்காரும்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரிதான் என்னைப் பயப்படுத்துகிறது. வலையில் ஈயக்குண்டு இருக்கும். கிளி அதைக் கொறித்திருந்தால் ஈயம் உடம்பில் ஏறும். வாந்தி, கால் தளர்ச்சி, வலிப்பு வரை கொண்டுபோகும். புதுக் கம்பிவலையின் துத்தநாகப் பூச்சும் அப்படித்தான். இன்றைக்கே மிருக வைத்தியரிடம் போங்கள், ஈயக்குண்டு விஷயத்தை முதலில் சொல்லுங்கள். இனிமேல் வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள். கிளியின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. கசாயம் வழி தவறினால் நேரே நுரையீரலுக்குத்தான் போகும்.

கே: என் கொக்கட்டீல் விரலில் கக்குவதை வீடியோ எடுத்துப் போட்டேன், எல்லோருக்கும் பிடித்துவிட்டது. முதுகைத் தடவினால் உடனே செய்கிறது. அடிக்கடி செய்ய வைக்க வழி உண்டா? ஆணா பெண்ணா தெரியாது. (உப்புவெளி)

தயவுசெய்து செய்ய வைக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தைப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கிளி பூனை இல்லை. முதுகு, வால் அடி, இறக்கைக்குக் கீழே, இந்த இடங்களைத் துணைதான் தொடும். அங்கே தடவினால் "குடும்பம் நடத்தலாம்" என்று நீங்களே அதற்குச் சொல்கிறீர்கள். அது நம்பி, தின்றதைத் திரும்ப எடுத்து உங்களுக்கு ஊட்டுகிறது. ஆனால் குஞ்சு பொரிக்கக் கூடும் இல்லை, குஞ்சும் இல்லை. அடுத்து கடிக்கத் தொடங்கும், வீட்டில் மற்றவர்களைப் பக்கத்தில் விடாது, சில கிளி தன் சிறகையே பிடுங்கும். ஆண் என்றால் இவ்வளவுதான். பெண் என்றால் முட்டை.

பல வருடத்துக்கு முன் என்னிடம் ஒரு பெண் கொக்கட்டீல் இருந்தது. மடியில் போட்டுத் தடவித் தடவித்தான் வளர்த்தேன். சோடியே இல்லாமல் 4 முட்டை இட்டது, பிறகு 6. உடம்பு தேறுவதற்குள் மூன்றாம் முறை தொடங்கியது. ஒரு முட்டை இறங்காமல் சிக்கி, விடியும்போது கிளி கூட்டின் அடியில் செத்துக் கிடந்தது. அதைத் தடவிய கை என்னுடையது. வேறு யாரையும் நான் குறை சொல்ல முடியாது.

ஆகவே தலையும் கழுத்தும் மட்டும் தடவுங்கள். கக்கத் தொடங்கினால் திட்டாமல், சிரிக்காமல் கூட்டுக் கம்பில் விட்டுவிட்டு எழுந்து போங்கள். இளஞ்சூடான குழைந்த சாப்பாடு, அட்டைப்பெட்டி, அலுமாரி இடுக்கு எல்லாவற்றையும் நிறுத்துங்கள், இவையும் குடும்பம் நடத்தும் நினைப்பைத்தான் தூண்டும். வெளிச்சத்தையும் பாருங்கள். நம்மூரில் பகல் வருடம் முழுக்க ஏறக்குறைய 12 மணி நேரம்தான். நீங்கள் இரவு 11 மணி வரை லைட் போட்டு வைத்தால் கிளிக்கு அது 17 மணி நேரப் பகல், குஞ்சு பொரிக்கும் காலம் என்று நினைத்துக்கொள்ளும். பொழுதுபட்டதும் கூட்டை இருட்டான அறைக்கு மாற்றுங்கள். முட்டை இட்டுவிட்டால் எடுக்க வேண்டாம், எடுத்தால் ஈடுகட்ட இன்னும் இடும். முட்டையில் போன சுண்ணாம்புச் சத்தை ஈடுகட்டக் கணவாய் ஓடு வையுங்கள், நம் கடற்கரையில் சும்மா கிடக்கிறது. நன்றாக ஊறவைத்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள். வீடியோவை எடுத்துவிடுங்கள், பார்க்கிறவர்களும் தங்கள் கிளியின் முதுகைத் தடவுவார்கள்.

கே: குஞ்சுக்குப் பாலில் பிஸ்கட் கரைத்து ஊட்டுகிறோம். வாய் வழியாகத் திரும்பி வருகிறது. (சீனக்குடா)

பறவைக்குப் பால் செரிக்காது. கிளிக் குஞ்சுக்கென்று விற்கும் மாவை மட்டும் கரையுங்கள். சூடு 40 பாகை அளவில் இருக்கட்டும். ஆறினால் தீன்பை இயங்காமல் புளிக்கும், கூடிப்போனால் தீன்பை வெந்துவிடும். கை மணிக்கட்டில் விட்டுப் பார்ப்பது போதாது, வெப்பமானி வாங்குங்கள். ஒரு நாளில் ஒரு தடவையாவது தீன்பை முழுதாகக் காலியாக வேண்டும். ஆகவில்லையா, வைத்தியர். நிறைந்த தீன்பையை அமுக்கிப் பார்க்காதீர்கள், மாவு மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

கே: தின்ற பிறகு கழுத்தை வளைத்துக் கொட்டாவி விடுகிறது, ஒன்றும் வெளியே வரவில்லை. (மூதூர்)

தீன்பையில் இருப்பதைச் சரிப்படுத்துகிறது. விடுங்கள்.

கே: கிளி நோயில் விழுந்துவிட்டதா என்று முன்கூட்டியே அறிய முடியுமா? (தம்பலகாமம்)

முடியும். சமையலறை டிஜிட்டல் தராசில் தினமும் காலை, தீனிக்கு முன் நிறுத்து எழுதி வையுங்கள். கொக்கட்டீல் 90 கிராம், பட்ஜி 35 கிராம் அளவில் வரும். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்க வேண்டாம். கிளி நோயை ஒளிக்கும், தராசு ஒளிக்காது. கக்கல் என்று எழுதுகிறவர்கள் அடுத்த முறை எடையையும் எழுதுங்கள்.

கே: கண்டிக்குக் காரில் போகும்போது ஹபரணை தாண்டியதும் கக்கிவிட்டது. வீட்டில் நன்றாக இருக்கிறது. (சாம்பல்தீவு)

பயணக் குமட்டல். புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன் தீனியை நிறுத்துங்கள், கூட்டைப் பாதி துணியால் மூடுங்கள், வழியில் நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் கக்கினால் அது பயணம் இல்லை, வைத்தியரிடம் காட்டுங்கள். அதுவரை வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.