அறுபது படி ஏறலாமா?

கேள்வி: வயது 57. மூன்று மாதம் முன்பு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இதயம் நன்றாக இயங்குகிறது, நடக்கலாம் என்கிறார் மருத்துவர். கார்த்திகைக்குச் சுவாமிமலை ஏறுவது என் வழக்கம். இந்த வருடம் வீட்டில் விட மறுக்கிறார்கள். வயலுக்கும் தடை. உட்கார்ந்தே தேய்ந்துபோகிறேன்.
- வாசகர், திருவிடைமருதூர் வட்டம்

பதில்: பிரபவ முதல் அட்சய வரை, அறுபது தமிழ் வருடங்களின் பெயரில் அறுபது படிகள், ஏறக்குறைய மூன்று மாடி உயரம். எட்டாத ஆசையல்ல. மருத்துவரிடம் "நடக்கலாமா" என்று பொதுவாகக் கேட்காமல், "அறுபது படி ஏறணும், டிரெட்மில் சோதனை வேண்டுமா" என்று கேளுங்கள். அவர் சரி என்றபின் தொடங்குங்கள்.

முதலில் சமதரையில் தினம் இரண்டு வேளை 10 நிமிடம்; வாரம் 5 நிமிடம் கூட்டுங்கள். ஒரே மூச்சில் 30 நிமிடம் சிரமமின்றி நடந்தால் மாடிப்படிக்குப் போகலாம். 20 படி, ஒரு நிமிடம் ஓய்வு, இறக்கம். அடுத்த வாரம் 40. ஏறும்போது பேச வர வேண்டும், பாட வரக் கூடாது. அதுதான் சரியான வேகம். மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் நாடித்துடிப்பை ஏற விடாமல் பிடித்துவைக்கும். ஆகவே கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி வேகம் பிடிக்காதீர்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினால் ரத்த அழுத்தம் எகிறும். காலைத் தூக்கும்போது மூச்சை விடுங்கள்.

கார்த்திகையன்றே போக வேண்டும் என்ற பிடிவாதம் மட்டும் வேண்டாம். அன்று உங்கள் வேகத்தைப் பின்னால் வரும் கூட்டம்தான் முடிவு செய்யும். விரதம் என்று ஆஸ்பிரின், குளோபிடோக்ரெலை ஒரு வேளைகூட விடாதீர்கள். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையலாம். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் இரண்டு மணி நேரம் கழித்தே ஏறுங்கள். நெஞ்சோ தாடையோ இறுகினால் அந்தப் படியிலேயே உட்காருங்கள். மருத்துவர் நெஞ்சுவலிக்கான சார்பிட்ரேட் மாத்திரை கொடுத்திருந்தால் உட்கார்ந்தபடியே நாக்கடியில் வையுங்கள். நின்றுகொண்டு வைத்தால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம். ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 108.

வயலுக்குப் போங்கள். சம்பா பயிரைச் சுற்றிப் பார்க்கலாம், மடை திறக்கலாம். முதுகுத் தெளிப்பான் வேண்டாம். 16 லிட்டர் டேங்கில் தண்ணீரே 16 கிலோ. நெல் மூட்டை பக்கமே போகாதீர்கள். தூக்கமின்மை, அழுகை, எரிச்சல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வு சகஜம், சிகிச்சையும் உண்டு.

கேள்வி: கணவர் இதய நோயாளி. சாதா உப்புக்குப் பதில் இந்துப்பு போடலாமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: அதுவும் சோடியம் குளோரைடுதான். எந்த உப்பானாலும் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள். மோர் மிளகாய், வடகம், கருவாடு, ஊறுகாய் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் கிடைக்கும் 'சோடியம் குறைந்த' உப்பில் பொட்டாசியம் இருக்கும். ராமிப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவரோ சிறுநீரகக் கோளாறு உள்ளவரோ மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.